குழந்தைகளின் காவலர் டாக்டர் வில்லியம் ஹாலக் பார்க்

தோற்றுவாய்

பெரியோர் வரலாறுகளை எழுதப் புகுவோர் போர்க்களத்தையும் அரசவையையும் புலவர் மன்றத்தையும் நாடிச் செல்லுதல் வழக்கம். யாம் இங்கே வாசகர்களை அழைத்துச் செல்லும் இடம் அத்தகையதன்று. நோயுற்ற ஒரு குழந்தையின் சிறு வாயே அவ்விடம். அவ்வாயைத் திறப்பித்து, நாவை அழுத்தி, பஞ்சு சுற்றிய ஒரு கம்பியால் தொண்டையின் உட்புறத்தைத் தடவி எடுத்தல் சொல்லுதற்கு மிக எளிய செயல். செய்து பார்த்தோரே அதன் அருமையை அறிவர். குழந்தை அழும், பல்லைக் கடிக்கும், தலையைத் திருப்பும், காலால் உதைக்கும். அதற்கு நோயின் பெயரும் தெரியாது. மருத்துவரின் நோக்கமும் புரியாது. அந்நியர் ஒருவர் தன் வாய்க்குள் எதையோ நுழைக்க வருகின்றார் என்னும் அச்சம் ஒன்றே அதற்குத் தெரியும்.

அண்மைக் காலத்தே, 2020ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும், கொரோனா நோய் பரவியபோது, பஞ்சுக்குச்சியைக் கண்ட அளவிலே தாயின் தோளில் முகம் புதைத்துக் கதறிய மழலைகளை நம்மிற் பலர் கண்டோம். அக்காட்சி நமக்குப் புதிதாயினும் உலகிற்குப் புதிதன்று. அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரத்தில் 1893ஆம் ஆண்டு முதலே அது நாள்தோறும் நிகழ்ந்து வந்தது. அச்சிறு செயலை ஒரு மாநகரத்தின் ஒழுங்கான அறப்பணியாக நிலைபெறச் செய்தவர் டாக்டர் வில்லியம் ஹாலக் பார்க் என்பவர். அவருடைய வரலாற்றை, சிறப்பாகக் குழந்தைகளின் பொருட்டு அவர் ஆற்றிய தொண்டினை, இயன்ற அளவு சுருக்கி இங்கு எழுதுகின்றோம்.

தொண்டை அடைப்பான்

மேனாட்டார் டிப்தீரியா என்று வழங்கும் நோயைத் தமிழில் தொண்டை அடைப்பான் என்பர். 1826ஆம் ஆண்டில் பிரெத்தொன்னோ என்னும் பிரெஞ்சு மருத்துவர், தோல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இந்நோய்க்குப் பெயர் அமைத்தார். நோயுற்ற குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறமான ஒரு படலம் தோன்றிப் பதனிட்ட தோல்போலத் தடித்துப் படர்வதே அப்பெயருக்குக் காரணம். அப்படலம் குரல்வளைக்கு இறங்குமாயின் மூச்சு அடைபடும். இறங்காவிடினும், நோய்க் கிருமி உண்டாக்கும் நஞ்சு குருதியின் வழியே சென்று நெஞ்சத்தையும் நரம்புகளையும் தாக்கும். ஒரே வீட்டில் சில நாட்களுக்குள் இரண்டு மூன்று மக்களைப் பறிகொடுத்த பெற்றோர் அந்நாளில் உளர். நியூயார்க் நகரில் 1894ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் இறந்தோர் இரண்டாயிரவருக்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலோர் குழந்தைகள்.

அந்நகரத்து மருத்துவராகிய ஓட்வயர் என்பார், மூச்சடைத்த குழந்தையின் குரல்வளையுள் ஒரு சிறு குழாயைப் பொருத்தி மூச்சை மீட்கும் முறையை 1885ஆம் ஆண்டளவில் வகுத்துப் பல உயிர்களைக் காத்தார். எனினும் அது வாயிலில் வந்து நின்ற கூற்றைச் சிறிது தடுத்து நிறுத்துவதேயன்றி நோயை வேரறுப்பதன்று.

நோயின் வேர் ஜெர்மனியிற் கண்டறியப்பட்டது. 1883இல் கிளெப்ஸ் என்பவர் அப்படலத்தில் ஒருவகைக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டில் லெஃப்லர் என்பவர் அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. படலம் தோன்றும் தொண்டை நோய்கள் எல்லாம் தொண்டை அடைப்பான் ஆகா. வேறு கிருமிகளாலும் அத்தகைய படலம் உண்டாகும். கண்ணாற் பார்த்த அளவில் இன்னது மெய், இன்னது போலி என்று தேர்ந்த மருத்துவராலும் துணிந்து கூற இயலவில்லை. அன்றியும், நோயின் குறி ஒன்றுமில்லாத ஒரு குழந்தையின் தொண்டையிலும் லெஃப்லர் அக்கிருமியைக் கண்டிருந்தார். அது அறிஞரிடையே ஐயத்தை வளர்த்தது.

இவ்வையத்தின் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. சாதாரணத் தொண்டைப் புண்ணுடைய ஒரு குழந்தையைத் தொண்டை அடைப்பான் எனத் தவறாக எண்ணி, அந்நோயாளர் நிறைந்த மருத்துவமனைக் கூடத்தில் கொண்டுபோய்க் கிடத்தினால் நேர்வது யாது? இல்லாத நோயை நீக்குதற்கென்று அனுப்பப்பட்ட குழந்தை, அங்கேயே மெய்யான நோயைப் பெற்று மடிதல் கூடும். மெய்யான நோயைப் போலியெனக் கருதி வீட்டிலேயே விட்டுவிட்டாலோ, உடன்பிறந்தாரும் அயல் வீட்டாரும் அழிவர். இருபுறமும் உயிர்க்கேடு. இதனிடையே உண்மையைப் பிரித்தறியும் கருவி ஒன்றை உலகம் வேண்டி நின்றது.

இளமையும் கல்வியும்

வில்லியம் ஹாலக் பார்க் 1863ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். அந்நகரக் கல்லூரியிற் பயின்று 1883இல் பட்டம் பெற்றார். பின்னர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1886இல் மருத்துவரானார். அக்காலத்து அமெரிக்க மாணவர் பலரும் உயர்கல்விக்கு ஐரோப்பாவை நாடுதல்போல இவரும் வியன்னா நகரம் சென்று பயின்று திரும்பினார். மூக்கு, தொண்டை நோய்களிற் சிறப்புப் பயிற்சி பெற்று, தம் நகரிலேயே மருத்துவத் தொழிலை மேற்கொண்டார்.

பிற வரலாறுகளிற் போல இவரது இளமையில் வியத்தகு நிகழ்ச்சிகள் உள என்று கூறுதற்கில்லை. ஆயினும் தொண்டை மருத்துவராய் அமைந்தமையே இவரது வாழ்வின் திருப்பம் எனலாம். பிறர் கிருமியைக் கண்ணாடிக் குழாயில் மட்டும் கண்டனர். இவரோ அது வாழும் இடமாகிய குழந்தையின் தொண்டையை நாள்தோறும் கண்டு பழகியவர். புருடன் என்னும் பேராசிரியர் முன்னர் நியூயார்க்கில் இந்நோயை ஆராய்ந்தபோது லெஃப்லர் கூறிய கிருமியைக் காணாது ஐயுற்றிருந்தார். அவருடைய ஆய்வகத்தில் பார்க் சேர்ந்து, நோயாளரின் தொண்டையினின்று தாமே எடுத்து வந்தவற்றை வளர்த்துப் பார்த்தார். மெய்யான தொண்டை அடைப்பானில் லெஃப்லரின் கிருமி உண்டு என்பதும், அதனை ஒத்துத் தோன்றும் பிற தொண்டை நோய்கள் பல உள என்பதும் இவ்வாறு தெளிவாயின.

நகரத்தின் ஆய்வகம்

1892ஆம் ஆண்டில் ஐரோப்பாவினின்று வாந்திபேதி நோய் கப்பல் வழியே நியூயார்க்குக்கு வந்துவிடும் என்னும் அச்சம் எழுந்தது. அதனை முன்னிட்டு அந்நகரச் சுகாதாரத் துறையில் டாக்டர் ஹெர்மன் பிக்ஸ் என்பாரின் தலைமையில் கிருமி ஆய்வுப் பகுதி ஒன்று அமைக்கப்பெற்றது. வாந்திபேதி பரவாது ஒழிந்தது, ஆய்வகம் நின்றது. நகரத்தார் செலவில் கிருமி ஆய்வால் நோயறியும் நிலையங்களுள் இதுவே உலகில் முதன்மையானது என்பர். தொண்டை அடைப்பானை ஆராய்தற்கு 1893ஆம் ஆண்டில் பிக்ஸ் தேர்ந்தெடுத்தவர் பார்க். அப்போது அவருக்கு அகவை முப்பது நிரம்பவில்லை.

பார்க்கின் முன் நின்ற வினா இதுவே. ஆய்வகம் ஓர் இடத்தில் உள்ளது. நோயுற்ற குழந்தைகளோ நகரமெங்கும் நெருங்கிய குடியிருப்புக்களில் உள்ளனர். அக்குழந்தைகளை ஆய்வகத்துக்குக் கொணர்தல் இயலாது, கொணர்தல் தகாததுமாகும். ஆகவே, குழந்தை தன் வீட்டிலேயே இருக்க, அதன் தொண்டையிற் சிறிதளவு மட்டும் ஆய்வகத்துக்கு வருமாறு அவர் வழி வகுத்தார்.

அவ்வழி மிக எளியது. ஒரு சிறு பெட்டி. அதனுள் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில், முனையிற் பஞ்சு சுற்றிய ஒரு கம்பி, வெப்பத்தாற் கிருமி நீக்கப்பெற்று இருக்கும். மற்றொன்றில், விலங்கின் குருதியினின்று பிரித்த தெளிநீர், சர்க்கரை சேர்ந்த இறைச்சிச் சாற்றுடன் கலந்து சாய்வாக உறையச் செய்யப்பெற்றிருக்கும். அது லெஃப்லர் வகுத்த கலவை. இக்கிருமி விரைந்து வளர்தற்கு ஏற்ற விளைநிலம். இத்தகைய பெட்டிகள் நகரத்தின் பல பகுதிகளிலும் இருந்த மருந்துக் கடைகளில் வைக்கப்பட்டன. மருத்துவர் எவரும் விலையின்றி ஒன்றைப் பெற்றுச் செல்லலாம். குழந்தையின் தொண்டையைப் பஞ்சாற் தடவி, அப்பஞ்சை உறைந்த குருதிநீரின்மேல் தேய்த்து, பெட்டியை அக்கடையிலேயே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். மாலையில் ஆய்வகத்து ஆட்கள் வந்து அவற்றைத் திரட்டிச் செல்வர். இரவு முழுதும் உடற்சூட்டை ஒத்த வெப்பத்தில் அக்குழாய்கள் வைக்கப்படும். காலையில் வளர்ந்தவற்றை எடுத்துச் சாயமூட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்குவர். நண்பகலளவில் மருத்துவருக்கு விடை சென்று சேரும். செல்வர் வீட்டுக் குழந்தைக்கும் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் ஒரே பெட்டி, ஒரே விடை.

குழந்தையும் பஞ்சுக் கம்பியும்

இத்துணைச் சிறந்த ஏற்பாடும் ஓரிடத்தில் மட்டும் தளர்ச்சியுடையதாயிருந்தது. அவ்விடம் ஆய்வகத்தில் இல்லை. குழந்தையின் படுக்கையருகில் இருந்தது. பிழைபட்ட ஏட்டைக் கொண்டு பதிப்பிப்போர் எத்துணைப் புலமையுடையராயினும் பிழையற்ற நூலைத் தருதல் இயலாதன்றோ? அதுபோலத் தொண்டையினின்று எடுத்தது தவறாயின், ஆய்வகத்தின் திறமனைத்தும் அத்தவற்றையே உறுதிப்படுத்தும். இதனைப் பார்க் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலின், ஒவ்வொரு பெட்டியோடும் அச்சிட்ட அறிவுரைத் தாள் ஒன்று வைக்கப்பட்டது. அதன் கருத்தினை எம் சொற்களில் தருகின்றோம்.

முதலாவது, குழந்தையை நல்ல வெளிச்சத்தில் இருத்திச் செவ்வையாகப் பிடித்துக்கொள்ளச் செய்தல் வேண்டும். பிடிப்பவர் பெரும்பாலும் தாயே. தாயின் மடி குழந்தைக்கு அடைக்கலம். அம்மடியிலேயே தான் இறுகப் பிணிக்கப்படுவதைக் குழந்தை உணரும்போது அதன் கதறல் இருமடங்காகும். தாயின் கையும் தளரும். அத்தளர்ச்சியில் தலை அசையும். கம்பி நாவிலோ கன்னத்திலோ பட்டு வெளிவரும். அங்கே படலம் இல்லை. கிருமியும் பெரிதும் இல்லை. மறுநாள் விடை நோயில்லை என்று வரும். நோயோ வளர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, நாவை அழுத்திக்கொண்டு, தொண்டையிற் காணும் படலத்தின்மேற் பஞ்சினை மென்மையாகவும் நன்றாகவும் தேய்த்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்தல் எத்துணை அரிது! மென்மையை மட்டும் கருதுவோர் பஞ்சினைப் பட்டும் படாமலும் எடுத்துவிடுவர். நன்றாகத் தேய்த்தலையே கருதுவோர் புண்பட்ட தொண்டையைப் பின்னும் புண்படுத்துவர். பின்தொண்டையைத் தொட்ட அளவில் குமட்டல் எழுவது உடலின் இயற்கை. ஆகவே மருத்துவருக்குக் கிடைக்கும் காலம் ஓரிரு நொடிப்பொழுதே. குழந்தை இருமுமாயின் நோய்த்துளிகள் மருத்துவரின் முகத்திலே தெறிக்கும். அவருக்கும் அஃது இடரே.

மூன்றாவது, படலம் குரல்வளைக்குள்ளே மட்டும் மறைந்திருக்குமாயின் அது கண்ணுக்குத் தோன்றாது. கம்பியும் அதனை எட்டாது. அப்போது நாவிற் படாமற் பஞ்சினைப் பின்னே செலுத்தித் தொண்டையின் உட்சுவரைத் தடவுதல் வேண்டும். அங்ஙனம் தடவியும் கிருமி கிடையாது போதல் உண்டு. நான்காவது, கிருமி கொல்லும் மருந்தினாற் தொண்டையைக் கழுவிய உடனே எடுத்தல் கூடாது. எடுத்தால் ஒன்றும் வளராது. குழந்தையின் நன்மைக்கென்று தாய் அன்போடு கொப்புளிக்கச் செய்த மருந்தே உண்மையை மறைத்துவிடும்.

இவ்விடர்கள் காரணமாக, நோயில்லை என்று வரும் விடை எல்லாவற்றையும் ஒரே எடையினவாகக் கொள்ளலாகாது என்று பார்க் கற்பித்தார். செவ்வையாக, உரிய காலத்தில், படலத்தினின்றே எடுக்கப்பட்டதாயின் அவ்விடையை நம்பலாம். அவ்வாறன்றேல் மீண்டும் எடுத்தல் வேண்டும். தம் ஆய்வகத்தின் சொல்லே முடிந்த முடிபு என்று அவர் தருக்கியிருப்பின் எத்தனை குழந்தைகள் மாண்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். தாம் கண்ட கருவியின் எல்லையைத் தாமே எடுத்துரைத்தல் அறிஞர்க்கு அரிதாகிய குணம்.

நலமுற்ற குழந்தைகள்

இத்தேர்வு பரவிய பின்னர் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது. பார்க்கும் அவருடன் பணியாற்றிய பீபி என்பாரும், நோய் நீங்கிய குழந்தைகளின் தொண்டையையும் மீண்டும் மீண்டும் தேர்ந்து பார்த்தனர். 605 பேரைத் தேர்ந்ததில், 304 பேரிடத்துப் படலம் மறைந்த 3 நாட்களுக்குள் கிருமியும் மறைந்தது. ஏனையோரிடத்து ஒரு வாரமோ அதற்கு மேலோ இருந்தது. சிலரிடத்து 3 வாரம் வரையும் அதற்கு மேலும் தங்கியது. காய்ச்சல் தணிந்து, பசியெடுத்து, தெருவில் விளையாட ஓடும் குழந்தை, தன்னையறியாமல் தன் தோழனுக்குச் சாவினைக் கொண்டு செல்லுதல் கூடும் என்பது இதனால் விளங்கிற்று. நோயே உறாத உடன்பிறந்தாரிடத்தும் கிருமி இருத்தல் காணப்பட்டது. லெஃப்லர் கண்ட அந்த ஒரு குழந்தையின் புதிர் இவ்வாறு விடுபட்டது.

ஆகவே, தொண்டையிற் கிருமி இல்லை என்று தெளியுமளவும் குழந்தையைத் தனியே வைத்தல் வேண்டும் என நகரத்தார் விதித்தனர். விதி நன்றே. ஆனால் அதன் சுமை குழந்தையின்மேல் விழுந்தது. முதன்முறை தடவும்போது நோயின் சோர்வால் குழந்தை பாதி உணர்விலிருக்கும். நலமுற்ற பின்னரோ, வலிமையும் உண்டு, நினைவும் உண்டு. பெட்டியைத் திறக்கும் ஓசையே அதற்குப் போதும். பெற்றோருக்கோ மற்றுமொரு துன்பம். நலமாயிருக்கும் குழந்தையை ஏன் வருத்துகின்றீர் என்பர். வீட்டில் நோயுண்டு என்று அறியப்பட்டால் தொழிலுக்கும் பள்ளிக்கும் தடை நேரும் எனவும் அஞ்சினர். இவையெல்லாம் அறியாமை என்று எளிதில் இகழத்தக்கன அல்ல. நாட்கூலி பெற்று உண்ணும் குடும்பத்துக்கு ஒருவாரத் தடை ஒருவாரப் பட்டினி அன்றோ? பொது நன்மையின் விலையைப் பெரும்பாலும் ஏழையே கொடுக்கின்றான் என்பதை நாம் மறத்தலாகாது.

எட்டாம் எண் கிருமி

பார்க்கின் ஆய்வகத்தில் 1894ஆம் ஆண்டில் டாக்டர் அன்னா வெஸ்ஸல்ஸ் வில்லியம்ஸ் என்னும் அம்மையார் ஊதியமின்றிப் பணியாற்ற வந்து சேர்ந்தார். தம் உடன்பிறந்தாள் மகப்பேற்றின்போது உயிருக்குப் போராடியதைக் கண்டு மருத்துவம் பயிலத் துணிந்தவர் இவர். அவ்வாண்டில், பார்க் விடுமுறையிற் சென்றிருந்தபோது, கடுமையில்லாத தொண்டை அடைப்பான் உற்ற ஒருவரின் தொண்டையினின்று வந்த கிருமியை அம்மையார் தனியே பிரித்து வளர்த்தார். நோய் சிறிதாயினும் கிருமி பெரிது. அதுகாறும் அறிந்த எவற்றினும் மிகுதியாக அது நஞ்சினை உண்டாக்கிற்று. பார்க்-வில்லியம்ஸ் எட்டாம் எண் என்று அதற்குப் பெயரிட்டனர்.

அந்நஞ்சின் பயன் யாதென்பதைச் சிறிது விளக்குவோம். 1890ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய பேரிங்கும் ஜப்பானியராகிய கித்தசாட்டோவும், கிருமியின் நஞ்சினைச் சிறிது சிறிதாக விலங்கின் உடலிற் செலுத்தினால் அவ்விலங்கின் குருதியில் அந்நஞ்சினை முறிக்கும் ஆற்றல் தோன்றும் எனக் கண்டனர். 1894ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மருத்துவராகிய ரூ என்பார், குதிரையினின்று பெற்ற அந்நஞ்சுமுறியைக் குழந்தைகளுக்கு ஊட்டி, அந்நகர மருத்துவமனையில் நூற்றுக்கு ஏறத்தாழ 52ஆக இருந்த சாவினை ஏறத்தாழ 25ஆகக் குறைத்ததை உலகிற்கு அறிவித்தார். ஐரோப்பாவில் அப்போதிருந்த பிக்ஸ், உடனே தொடங்குக என்று பார்க்குக்குத் தந்தி விடுத்தார். பார்க் குதிரைகளை வாங்கி நஞ்சேற்றத் தொடங்கினார். 1895ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே நியூயார்க்கில் நஞ்சுமுறி கிடைத்தது. ஏழைகளுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. அதனை மிகுதியாகவும் விரைவாகவும் பெறுதற்கு எட்டாம் எண் கிருமியே பெருந்துணையாயிற்று.

பின்னாளில் பலர் அக்கிருமியைப் பார்க்கின் பெயரால் மட்டும் சுருக்கி வழங்கினர். அதனைப் பிரித்தெடுத்த அம்மையாரின் பெயர் அச்சுருக்கத்தில் மறைந்தது. வரலாறு எழுதுவோர் இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று. அம்மையார் 1934 வரை அவ்வாய்வகத்தில் உழைத்தார். பார்க்குடன் சேர்ந்து கிருமி நூல் ஒன்றையும் எழுதினார்.

நஞ்சுமுறி வந்த பின்னர்ப் பஞ்சுக் கம்பியின் தேர்வு முன்னினும் இன்றியமையாததாயிற்று. ஆனால் அதனிலும் ஓர் எச்சரிக்கை வேண்டியிருந்தது. நஞ்சுமுறி எவ்வளவு விரைவில் ஊட்டப்படுகின்றதோ அவ்வளவு பயன் தரும். நஞ்சு உடலுறுப்புக்களிற் பற்றிக்கொண்ட பின்னர் அதனை மீட்டல் அரிது. ஆகவே, நோய் கடுமையாகத் தோன்றுமிடத்து ஆய்வகத்தின் விடைக்குக் காத்திராது உடனே ஊட்டுக என்பது பார்க்கின் போதனை. ஒரே ஓர் இரவின் காத்திருத்தல் சில குழந்தைகளுக்கு முடிவற்ற இரவாய் முடிதல் கூடும். தேர்வு குழந்தைக்காக ஏற்பட்டது. குழந்தை தேர்வுக்காக ஏற்பட்டதன்று.

நோய் வருமுன் காத்தல்

நோயுற்ற பின் தொண்டையைத் துழாவுவதினும், நோயே வாராமற் செய்தல் மேலானது. 1913ஆம் ஆண்டில் வியன்னாவில் பேலா ஷிக் என்பார் ஒரு தேர்வைக் கண்டார். மிகச் சிறிதளவு நஞ்சினைத் தோலினுள் ஊசியாற் செலுத்தினால், காப்பாற்றல் இல்லாத குழந்தைக்கு அவ்விடம் சிவக்கும், உடையதற்குச் சிவக்காது. பார்க்கும் அவருடன் உழைத்த ஸிங்கர் என்பாரும் இதனை நியூயார்க் பள்ளிகளிற் பரப்பினர். பெற்றோரின் இசைவு பெற்று, பல்லாயிரக்கணக்கான மாணாக்கரைத் தேர்ந்து, காப்பாற்றல் இல்லாதார்க்கு நஞ்சும் நஞ்சுமுறியும் அளவாய்க் கலந்த மருந்தினை ஊட்டினர். 1923ஆம் ஆண்டில் பிரான்சில் ரமோன் என்பார் நஞ்சின் கொடுமையை நீக்கிய தூய தடுப்பு மருந்தினைக் காண, பின்னர் அதுவே எங்கும் நிலைபெற்றது. அம்மருந்தினை ஆக்குதற்கும் எட்டாம் எண் கிருமியின் வழித்தோன்றல்களே இன்றளவும் பயன்படுகின்றன. 1894இல் ஒரு தொண்டையினின்று எடுத்த சிறு துளி, அளவிறந்த குழந்தைகளுக்குக் காப்பாய் அமைந்தது.

பார்க்கின் பிற தொண்டுகளும் குழந்தைகளைச் சார்ந்தனவே. கோடைக் காலத்தில் கெட்ட பாலால் குழந்தைகள் வயிற்றுநோயுற்று மடிதல் கண்டு, ஹோல்ட் என்னும் குழந்தை மருத்துவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். காய்ச்சிக் கிருமி நீக்கிய பாலின் நன்மையை நாட்டார்க்கு எடுத்துக் காட்டினார். நியூயார்க்குப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்து மாணவர் பலரைப் பயிற்றினார்.

ஒரு வழு

புகழ் மட்டும் கூறி முடித்தல் வரலாறு ஆகாது. பார்க்கின் முதுமையில் ஒரு வழு நேர்ந்தது. அவருடைய ஆய்வகத்து மாரிஸ் பிராடி என்னும் இளைஞர், இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து ஒன்றை ஆக்கினார். குரங்கின் தண்டுவடத்தினின்று பெற்ற நோயணுவை மருந்தினாற் செயலறச் செய்து அமைத்தது அது. போதிய சோதனை நிறைவேறுமுன்னரே சில ஆயிரம் குழந்தைகளுக்கு அது ஊட்டப்பட்டது. அது பயன்தரும் என்பதற்குச் சான்று போதாது எனவும், தீங்கும் விளைக்கக்கூடும் எனவும் 1935ஆம் ஆண்டிலேயே அறிஞர் குறைகூறினர். அம்மருந்து கைவிடப்பட்டது.

வாழ்நாளெல்லாம் மீண்டும் ஒருமுறை தேர்ந்து பார் என்று கற்பித்தவர், இங்கே அந்த மறுதேர்வுக்குக் காத்திராதது வருந்தத்தக்கது. அந்நோயின் கொடுமையை எண்ணி விரைந்தார் என்று அமைதி கூறலாம். ஆயினும் அக்குழந்தைகளின் சார்பில் நின்று நோக்குவார்க்கு அவ்வமைதி போதாது. பெரியோரின் பிழையும் பின்னோர்க்குப் பாடமாதலின் இதனை மறையாது எழுதினோம்.

முடிவுரை

டாக்டர் பார்க் 1939ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், தம் 75ஆம் அகவையில், தாம் பிறந்த நகரிலேயே இயற்கை எய்தினார். அந்நகரில் அவர் பணிதொடங்கியபோது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குழந்தைகளை விழுங்கிய நோய், அவர் மறைந்தபோது அருகிய நோயாயிற்று. நம் நாட்டிலோ அந்நோய் இன்னும் முற்றும் ஒழிந்ததன்று. தடுப்பு மருந்து பெறாத குழந்தைகளை அது இன்றும் தேடி வருகின்றது. அவர் செய்தது போன்ற தொண்டைத் தேர்வு இன்றும் நம் மருத்துவமனைகளில் நடைபெறுகின்றது. கருவிகள் நுண்ணியவாயின; விடை விரைவாயிற்று. ஆனால் குழந்தை மட்டும் மாறவில்லை. அது இன்றும் அழுகின்றது. இன்றும் பல்லைக் கடிக்கின்றது. தாயின் கை இன்றும் தளர்கின்றது.

சிறு பிள்ளைகள் தம்மிடம் வருதலைத் தடுத்தோரை நம் ஆண்டவர் கடிந்தார் என்பது நாம் அறிந்ததே. அவர்களை அன்போடு அணைப்பதற்கு மட்டுமன்று, அவர்கள் அழும்போதும் உண்மையைத் தேடுவதற்கும் ஓர் அன்பு வேண்டும். குழந்தை அழுகின்றதே என்று கையைப் பின்னிழுத்துக்கொள்ளும் இரக்கம் இரக்கமன்று. அதன் அழுகையைப் பொருட்படுத்தாது கம்பியைத் திணிப்பதும் மருத்துவமன்று. இவ்விரண்டிற்கும் நடுவே, வெளிச்சமும் பொறுமையும் உறுதியான மடியும் மென்மையான கையும் கொண்டு ஓரிரு நொடியில் உண்மையை எடுத்துவரும் திறமையே பார்க் நமக்குக் காட்டிச்சென்ற நெறி. நம் கல்லூரியினின்று மருத்துவராகவும் செவிலியராகவும் செல்லவிருப்போர் பலர். ஏனைய நாம் பெற்றோராகவோ ஆசிரியராகவோ ஒருநாள் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்நாளில் நம் கை தளராதிருப்பதாக.